இலங்கையில் தென்படாது

சென்ற வாரம் ஒரு செய்தி இணையத்தளத்தில் என்னுடைய கட்டுரை வந்தது. வரும் மாதங்களில் யாழ்ப்பாணத்தில் நின்று வானத்தில் எவற்றைப் பார்க்கலாம் என்று கேட்டிருந்தார்கள், எழுதிக் கொடுத்தேன். வைகாசிக் கடைசியில் பொழுதுபட்டதும் மேற்கே வெள்ளியும் வியாழனும் ஒரு விரல் இடைவெளியில் நிற்கும், வெறும் கண்ணே போதும் என்று எழுதினேன். அடுத்து, ஆவணிப் பூரணையில் நிகழும் சந்திர கிரகணம். அந்தப் பந்தியை "இலங்கையில் தென்படாது" என்றுதான் தொடங்கியிருந்தேன். அது நிகழும்போது இங்கே காலை வெயில் எறித்துக்கொண்டிருக்கும். சந்திரன் எங்கள் வானத்திலேயே இராது.

கட்டுரை வெளிவந்தபோது தலைப்பு, "ஆவணியில் வானில் நிகழவுள்ள பேரதிசயம்". காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குள் முடியும் என்று நேரமெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். நான் தொடங்கிய அந்த இரண்டு சொற்களை மட்டும் காணவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கைத்தொலைபேசியை மேசையில் அடித்து வைத்தேன். குசினியிலிருந்து தங்கை ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள். "திரும்பவுமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தத் "திரும்பவுமோ"வுக்குள் பன்னிரண்டு வருடத்துக் கதை இருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் ஒப்புநோக்குநராக இருந்து ஓய்வு பெற்றவள். எழுத்துப்பிழை பார்ப்பவள் என்று சொன்னால் சுலபமாக விளங்கும். உடுவிலில் படித்தேன், உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் போனது, பத்திரிகைக்கு வந்தேன். அவ்வளவுதான் என் படிப்பு. இப்போதுள்ள நிருபர்கள் என்னைக் காணும்போதெல்லாம், "அக்கா, சண்டைக் காலத்திலை கோடு போட்ட கொப்பித் தாளிலை பேப்பர் அடிச்சனீங்களாமே, அதை எழுதுங்கோ" என்பார்கள். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத வேண்டியது வேறு.

அந்தக் காலத்தில் மாதம் ஒருமுறை வானத்தைப் பற்றி ஒரு பத்தியும் எழுதினேன். அது தொடங்கியதே பயத்தில்தான். குடாநாட்டில் வருடக்கணக்காக மின்சாரம் இல்லை. வானம் கரிச்சட்டி போலக் கிடக்கும். இரவில் இராணுவத்தார் ஷெல் அடிக்க முன் பரசூட்டில் பரா வெளிச்சம் போடுவார்கள், அது காற்றில் தொங்கிக்கொண்டு மெல்ல இறங்கும், சனம் பதுங்குகுழிக்கு ஓடும். மேற்கில் வெள்ளி பிரகாசமாக நின்ற ஒரு மாதம் முழுக்க, அதைப் பரா வெளிச்சம் என்று நினைத்துப் பல வீடுகளில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அலுவலக வாசலுக்கே வந்து, "அது என்ன பிள்ளை, அசையாமல் நிக்குது?" என்று கேட்டார்கள். அது வெள்ளி, இன்ன மாதம் வரை அங்கேதான் நிற்கும், பயப்பட வேண்டாம் என்று நான்கு வரி எழுதிப் போட்டோம். அதுதான் பிறகு பத்தியானது. சனம் பயந்து ஓடாமல் இருப்பதற்காகத் தொடங்கிய பத்தி அது. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போக விளங்கும்.

வேலை முறை இதுதான். வெளிநாட்டு அட்டவணைகளில் உலக நேரம் இருக்கும். அதோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் எங்கள் நேரம். அங்கேயே நின்றுவிடக் கூடாது. அந்த நேரத்தில் அந்தக் கிரகமோ சந்திரனோ எங்கள் அடிவானத்துக்கு மேலே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் மிச்சக் கணக்கெல்லாம் எங்களுக்குப் பயனில்லை. எழுதியதைத் தட்டச்சில் ஏற்றியதும் ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிப்பார், மற்றவர் அச்சுப்படியில் விரலை வைத்துக்கொண்டு வருவார். காற்புள்ளியைக்கூட "காற்புள்ளி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். திருத்தம் முடிந்தால் பக்கம் மேலே போகும். மேலே போன பக்கத்தை நாங்கள் திரும்பப் பார்ப்பதில்லை.

மேலே இருந்தவர் தியாகர் அண்ணை, பிரதம உதவி ஆசிரியர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளைச் சேட், நெற்றியில் மூன்று விபூதிக் குறி, மேசையில் ஒரு மர அடிமட்டம், பனங்கட்டித் துண்டோடு பாலில்லாத பிளேன்ரீ. பக்கம் கணினிக்கு மாறிய பிறகும் அவர் அச்சுப்படி எடுத்து அடிமட்டம் வைத்துத்தான் அளப்பார். விளம்பரம் வந்து இடம் போதாவிட்டால் சிவப்புப் பேனையால் செய்தியின் அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பது போய்விடும். என்ன இருக்கிறது என்று வாசிக்க மாட்டார். "செய்தி எண்டது பல்லி மாதிரிப் பிள்ளை. வாலை அறுத்தாலும் ஓடும்" என்பார். முக்கியமானதைத் தலையில் வை, மற்றதை வாலில் வை, வேண்டுமென்றால் வாலை வெட்டு. உலகம் முழுவதும் பத்திரிகைக்காரர் பழகிய முறைதான், அதில் குற்றமில்லை.

ஆனால் தலை எது, வால் எது என்று தீர்மானிப்பவர் யார்? கிரகணம் என்றால் முதலில் அதிசயம், பிறகு நேரம், கடைசியில்தான் எங்கே தென்படும் என்பது. இது அவர் போட்ட ஒழுங்கு. நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். "அண்ணை, தென்படாத கிரகணம் எண்டா அதைத்தான் முதல் எழுதவேணும்."

"தென்படாது எண்டு தொடங்கினா ஆர் பிள்ளை வாசிப்பினம்?" என்பார், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வருடப்பிறப்புச் சிறப்பிதழ். மருத்துநீர் வைத்து முழுகும் புண்ணியகாலம், உடுக்க வேண்டிய நிறம், பெரியவர்கள் கையால் காசு வாங்கும் கைவிசேடத்துக்கு நல்ல நேரம், எல்லாம் வாக்கிய பஞ்சாங்கத்தின்படி ஒரு கட்டம், திருக்கணிதத்தின்படி இன்னொரு கட்டம். அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டாத வீடு வலிகாமத்தில் குறைவு. அந்தக் கட்டங்களுக்குக் கீழேதான் என் பத்தி. வருடப்பிறப்புக்கு மறுநாள் பகல் பதினொன்றரையிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை முழுச் சந்திர கிரகணம், கனடாவில் நன்றாகத் தெரியும், "இக்கிரகணம் இலங்கையில் தென்படாது, ஆகவே எவ்வித அனுட்டானமும் இங்கு தேவையில்லை" என்று முடித்திருந்தேன். ஒப்புநோக்கி, கையொப்பம் வைத்து மேலே அனுப்பினேன். பிறகு ஒரு நகைக்கடையின் புத்தாண்டு வாழ்த்து வந்திருக்கிறது. இடம் போதவில்லை. அடிமட்டம், சிவப்புப் பேனை, கோடு.

வருடப்பிறப்பன்று காலை தங்கை கத்தரிக்கோலும் கையுமாகப் பக்கத்தை வெட்டப் போனபோதுதான் கண்டேன். நேரம் இருக்கிறது. முடிவு இல்லை. கனடாவும் இல்லை. அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால் ஒருவருமில்லை. தியாகர் அண்ணை வீட்டுக்கு எடுத்தேன்.

"பிள்ளை, வருசத்தண்டு உதையோ கதைக்கிறது? நாளைக்குப் பேப்பரும் இல்லை. பகலிலை சந்திர கிரகணம் எண்டா சனத்துக்கு விளங்காதோ?"

"விளங்காது அண்ணை. பேப்பரிலை வந்தா அவையளுக்குப் பகலும் இரவுதான்."

"சும்மா பதட்டப்படாதேங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகளுக்கு நான் நடந்துபோய்ச் சொன்னேன். அதற்கு மேல் என்னால் முடிந்தது ஒன்றுமில்லை.

வருடப்பிறப்பு முடிந்து அலுவலகம் திறந்த அன்று சண்டிலிப்பாயிலிருந்து இராசமணி என்ற ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். பொலித்தீன் பைக்குள் வெட்டிய பக்கம், மூலைகளில் சோற்றுப்பசை காய்ந்திருந்தது. அவருடைய மகள் சுகந்தி ஏழு மாதக் கர்ப்பிணி. கர்ப்பத்தோடு சலரோகம் பிடித்து, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. கிரகண நேரத்தில் கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளின் வழக்கம். மகளைக் காலையிலிருந்தே இருட்டறையில் விட்டுவிட்டார். ஊசியை மட்டும் நேரத்துக்குப் போட்டிருக்கிறார்கள், அது வைத்தியர் சொன்னது என்பதால். சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள், அது பேப்பர் சொன்னது என்பதால். போதாக்குறைக்குக் கனடாவிலிருந்து சுகந்தியின் தமையன் வைபரில் எடுத்து, "அம்மா, இஞ்சை சந்திரன் கடிபடத் தொடங்கீட்டுது, அவளை வெளியிலை விடாதேங்கோ" என்றிருக்கிறான். அவனுக்கு அங்கே நடுச்சாமம். இங்கே உச்சி வெயில்.

ஒரு மணியளவில் அறைக்குள் ஏதோ விழுந்த சத்தம். திறந்து பார்த்தால் வியர்த்து ஊற்றி, நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். ஓட்டோவில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் குளுக்கோசு ஏற்றியிருக்கிறார்கள். இன்னும் அரை மணி பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று வைத்தியர் ஏசினாராம்.

அந்த அம்மா பத்திரிகையை ஏச வந்திருக்கிறார், வாங்கிக்கொள்வோம் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை.

"பிள்ளை, அவளுக்குப் பிள்ளை பிறக்க முந்தி இன்னொரு கிரகணம் இருக்கோ? பாத்துச் சொல்லுங்கோ. இந்தமுறை பிடிச்ச பிடியே போதும்."

"அம்மா, அவவுக்குச் சீனி இறங்கித்தான் மயக்கம் வந்தது."

"அதை டொக்டரும் சொன்னவர். ஆனா உவள் யன்னலைத் திறந்தவள். சம்பந்தி வீட்டுக்காரர் கண்டவை. கிரகணம் பாத்தால் விடுமே?"

நான் அன்று பின்னேரமே பஸ் ஏறிச் சண்டிலிப்பாய்க்குப் போனேன். சுகந்தி கட்டிலில் சாய்ந்திருந்தாள், நர்சரி ரீச்சர், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். தாய் தேத்தண்ணி போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்தாள்.

"யன்னலைத் திறந்தது உண்மைதான் அக்கா. மூச்சு முட்டினது. வெளியிலை தோட்டமெல்லாம் நல்ல வெயில். சந்திரனை எங்கை நான் பாக்கிறது? ஆனா நான் சொல்லுறதை ஒருத்தரும் கேக்கினமில்லை. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு சின்னக் குறை எண்டாலும் என்னைத்தான் சொல்லுவினம். இப்பவே மாமி கதைக்கேல்லை." பிடித்த கையை விடாமல் கேட்டாள். "அண்டைக்கு இஞ்சை கிரகணமே இல்லை எண்டு பேப்பரிலை ஒரு வரி போடுவீங்களோ? பேப்பரிலை வந்தபடியாத்தானே நம்பினவை. திரும்பவும் பேப்பரிலை வந்தாத்தான் விடுவினம்."

அவள் கேட்டது ஒரு வரி. பத்திரிகை அவளுக்குச் செய்த அநியாயத்துக்கு அது ஒரு கடுகளவு. நான் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் தியாகர் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிளேன்ரீயை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். உண்மையில் கவலைப்பட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு சொன்னார், "பாவம். ஆனா திருத்தம் போடேலாது."

"ஏன்?"

"அந்தப் பக்கத்திலை பிழை எண்டு போட்டா, புண்ணியகால நேரமும் பிழையோ, கைவிசேடம் குடுத்த நேரமும் பிழையோ எண்டு ஊரே வந்து நிக்கும். மற்றது, நாங்கள் பொய் எழுதேல்லையே. கிரகணம் நடந்ததுதானே. உலகத்திலை ஒரு இடத்திலை நடந்ததுதானே."

"அண்ணை, அந்த ஒரு இடம் எதெண்டு எழுதின வரியைத்தானே நீங்கள் வெட்டினது?"

"அது வால், பிள்ளை."

"அந்த வாலிலைதான் ரெண்டு உயிர் இருந்தது!"

நான் கத்திவிட்டேன். முழு அலுவலகமும் திரும்பிப் பார்த்தது. அவர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. அடிமட்டத்தை நேராக்கி வைத்தார். "அடுத்த மாசம் பத்தி எழுதேக்கை ஒரு மூலையிலை சேருங்கோ. பாப்பம்" என்றார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திராது. நல்ல மனிதர், விபூதிப் பூச்சு, பொய் பேசாதவர், ஒரு பெண்ணின் தலையில் பழியை வைத்துவிட்டு மேசையை ஒழுங்காக்குகிறார்.

என் மேசைக்குத் திரும்பி வந்து, முன்னால் கிடந்த அச்சுப்படியைப் பார்த்தேன். மரண அறிவித்தல் பக்கம். எங்கள் பத்திரிகையில் தியாகர் அண்ணையின் சிவப்புப் பேனை தொடாத ஒரே பக்கம் அதுதான். அதில் ஒரு பேரப்பிள்ளையின் பெயரை விட்டாலும் லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் தொலைபேசி வரும். யாழ்ப்பாணத்தார் பத்திரிகையை விரித்ததும் முதலில் பார்ப்பதும் அந்தப் பக்கத்தைத்தான், தலைப்புச் செய்தி அதற்குப் பிறகு.

மதிய இடைவேளையில் முன்வாசலால் இறங்கி, சுற்றி வந்து, விளம்பரப் பிரிவுக் கவுண்டரில் மற்றச் சனத்தோடு வரிசையில் நின்றேன். கறுப்புக் கரைக் கட்டம் ஒன்று கேட்டேன். நான் எழுதிக் கொடுத்தது இது.

"அறிவித்தல். வருடப்பிறப்புக்கு மறுநாள் பகல் நிகழ்ந்த சந்திர கிரகணம் இலங்கையில் தென்படவில்லை. அவ்வேளையில் சந்திரன் எமது வானில் இருக்கவில்லை. ஆகவே எமது ஊர்க் கர்ப்பிணித் தாய்மார் எவருக்கும் அதனால் எவ்விதத் தோஷமும் ஏற்படவில்லை. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

தோஷம் என்ற சொல்லை எழுத எனக்குக் கை கூசியது. கிரகணம் தென்பட்டிருந்தாலும் ஒரு தோஷமும் இல்லை என்பதுதான் என் எண்ணம். ஆனால் சுகந்தியின் மாமிக்கு நான் வானியல் படிப்பிக்க வரவில்லை. அவருடைய பாஷையிலேயே அவர் வாயை அடைக்க வேண்டியிருந்தது.

அது இரண்டு மரண அறிவித்தல்களுக்கும் ஒரு முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிக்கும் நடுவில் வந்தது. அன்று காலை தியாகர் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, செத்தவீட்டுப் பக்கத்திலை விளையாடலாமோ?"

"விளையாட்டு நான் தொடங்கேல்லை அண்ணை."

அடுத்த மாதத்திலிருந்து பத்தி என்னிடம் இல்லை. இணையத்திலிருந்து எடுத்து மொழிபெயர்க்க வேறொருவரிடம் கொடுத்தார்கள். இரத்த நிலா, இளஞ்சிவப்பு நிலா, கிரகங்களின் ஊர்வலம் என்று வரத் தொடங்கியது. இளஞ்சிவப்பு நிலாவை எதிர்பார்த்து வெளியில் கதிரை போட்டு இருந்தவர்கள், "வழமையான நிலாவாத்தான் கிடக்கு" என்று எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். நான் அந்தப் பக்கத்திலும் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் பார்த்துக்கொண்டு ஓய்வு பெறும் வரை இருந்தேன்.

சுகந்திக்குப் பெண்பிள்ளை பிறந்தது. இடது கன்னத்தில் ஒரு மறு, புளியங்கொட்டையளவு. உலகத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு மறு இருக்கிறது! சம்பந்தி வீட்டில் உடனே பெயர் வைத்துவிட்டார்கள், கிரகண மறு. பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு நான் போயிருந்தேன். மாமி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சபைக்குக் கேட்கும்படி, "யன்னல் திறந்ததின்ரை பலன்" என்றார். சுகந்தி எழும்பி உள்ளே போனாள். சட்டம் போட்டு வைத்திருந்த அந்தக் கறுப்புக் கரைக் கட்டத்தைக் கொண்டுவந்து மாமிக்கு முன்னால் வைத்தாள்.

"பேப்பர் சொன்னா நம்புவீங்கள்தானே மாமி. வாசியுங்கோ."

மாமி வாசித்தார். கடைசி வரி வரை வாசித்தார். பிறகு பிள்ளையைக் கைமாற்றிவிட்டுப் பாயாசம் பரிமாற எழும்பினார். அதன் பிறகு அந்தச் சொல் அந்த வீட்டில் கேட்கவில்லை என்று சுகந்தி சொன்னாள். மனதில் இருக்கிறதோ என்னவோ, வாயில் இல்லை. ஒரு வரியால் அவ்வளவு முடிந்தது. அந்த ஒரு வரியைத்தான் இடமில்லை என்று வெட்டினார்கள், பிறகு மானம் போகும் என்று மறுத்தார்கள்.

இந்த மாசிப் பூரணையில் உண்மையாகவே எங்கள் வானத்தில் கிரகணம் தெரிந்தது. சுகந்தி முதல்நாளே எடுத்து, "அக்கா, இது எங்கடையோ, கனடாவின்ரையோ?" என்று கேட்டாள். எங்களுடையதுதான், பொழுதுபடக் கிழக்கே சந்திரன் எழும்போதே ஒரு பக்கம் கடிபட்டிருக்கும் என்றேன். சண்டிலிப்பாய்த் தோட்ட வெளியில் அவளும் மகளும் நானும் நின்று பார்த்தோம். மகள் கச்சான் கடலைச் சரையைப் பிரித்துக் கொறித்துக்கொண்டே, மறு இருந்த கன்னத்தில் மஞ்சள் வெளிச்சம் பட, கடைசித் துண்டு நிழல் விலகும்வரை பார்த்தாள். இனி இந்த ஊரில் ஒருத்தியும் பகல் வெயிலில் சந்திரனுக்குப் பயந்து பட்டினி கிடக்க மாட்டாள் என்று அன்றைக்கு நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த நம்பிக்கையைத்தான் சென்ற வாரம் அந்த இணையத்தளம் உடைத்தது. நடத்துகிற தம்பிக்கு எடுத்தேன். நன்றாகப் படித்தவர், மரியாதையாகத்தான் கதைத்தார்.

"அக்கா, தென்படாது எண்டு தொடங்கினா ஆர் கிளிக் பண்ணுவினம்?"

மர அடிமட்டம் இல்லை, சிவப்புப் பேனை இல்லை, பனங்கட்டி இல்லை. சொல் மட்டும் அப்படியே இருந்தது. இப்போது இடப் பற்றாக்குறை என்று சாட்டும் சொல்ல முடியாது. திரையில் எவ்வளவு இடம்! கட்டுரையை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துவிட்டார்கள் என்று பெருமையாக வேறு சொன்னார். அவர்களில் எத்தனை வீட்டில் ஊசி போடும் கர்ப்பிணி இருக்கிறாள் என்று கேட்டேன். "அப்பிடியெல்லாம் இப்ப ஆர் அக்கா இருக்கினம்?" என்றார். அதே நாள் பின்னேரம் உரும்பிராயிலிருந்து எனக்குத் தெரிந்த ஒருவர் எடுத்து, மருமகளுக்கு ஆவணியில் எட்டு மாதமாகும், காலை எத்தனை மணிக்கு முன் சாப்பாடு கொடுத்து முடிக்க வேண்டும் என்று கேட்டார்.

அவருக்கு விளக்கிச் சொன்னேன். ஒருவருக்குச் சொல்லலாம். மற்றவர்களுக்கு?

மறுநாள் காலை சீலையை மாற்றிக்கொண்டு பஸ் எடுத்தேன். நான் வேலை செய்த அதே பத்திரிகை, அதே விளம்பரப் பிரிவு. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என்னைத் தெரியாது. ஆவணியில் கிரகணம் வரும் கிழமைக்கு ஒரு கறுப்புக் கரைக் கட்டம் முன்கூட்டியே பதிய வேண்டும் என்றேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து, மரண அறிவித்தல் கொடுக்க வருகிறவர்களிடம் கேட்கும் இரக்கக் குரலில் கேட்டாள்.

"ஆர், அம்மா, மோசம் போனது?"

"இன்னும் ஒருத்தரும் இல்லைப் பிள்ளை" என்றேன். "போகக் கூடாதெண்டுதான் வந்தனான்."